குறை யாரிடத்தில்?

மளிகைக் கடைக்காரனுக்கு வைத்தியத்தைப் பற்றி எழுத என்ன யோக்கியதை என்று சிலர் கேட்கக்கூடும். கேட்கட்டும். இவ்விஷயத்தில் வைத்தியத்தை விடத் தராசின் பேச்சே அதிகம். தராசோடு பழகி எனக்கு இருபது வருஷத்துக்கு மேலாகிறது.

எங்கள் பெரியத்தாவுக்கு நீரிழிவு முற்றி, இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அன்று முதல் சக்கர நாற்காலிதான். மருந்தின் அளவை மாற்ற வேண்டும், உடல் எடை என்ன என்று ஒரு கிளினிக்கில் கேட்டார்கள். அங்கிருந்த எடை மிஷினோ ஏறி நிற்கக் கூடியவருக்கானது. "சுமாராகச் சொல்லுங்கள், போதும்" என்றார்கள். சுமாராக நிறுத்து அரிசி கொடுத்தால் வாங்கிக் கொள்வீர்களா? எனக்கு மனம் ஒப்பவில்லை. சாலாக் செலாத்தானுக்குத் திரும்பி, கடையின் பின்கட்டில் மூட்டை நிறுக்கும் மேடைத் தராசில் நாற்காலியோடு அவரை ஏற்றினோம். 89 கிலோ. பையன்கள் இருவர் அவரைத் தூக்கிப் பெஞ்சில் உட்கார வைக்க, நாற்காலியைத் தனியே நிறுத்தேன். 18 கிலோ. கழித்தால் 71.

"என்ன தம்பி, கிலோ என்ன விலைக்குப் போடப் போறே?" என்றார் பெரியத்தா. கடையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தோம். அன்றிரவு அவர் சாப்பிடவில்லை என்று பெரியம்மா மறுநாள் சொன்னபோதுதான் அந்தச் சிரிப்பு எனக்குக் கசந்தது.

நம் வீட்டில் மட்டும் நடந்த கூத்து என்று எண்ணியிருந்தேன். அப்படியல்லவாம். 2022ஆம் வருஷம் அமெரிக்காவில் டாக்டர்களையே கூட்டி வைத்துப் பேசச் செய்து, அவர்கள் சொன்னதை ஓர் ஆராய்ச்சிப் பத்திரிகையில் வெளியிட்டார்கள். தராசில் ஏற முடியாத நோயாளிகளை, எடை பார்த்து வரும்படி சூப்பர் மார்க்கெட்டுக்கும், தானியக் கிடங்குக்கும், மாடறுக்கும் ஆலைக்கும், ஏன், மிருகக்காட்சிசாலைக்கும் கூட அனுப்பியதுண்டு என்று அவர்களில் சிலர் ஒப்புக் கொண்டிருக்கிறார்கள். அவ்வளவு பணம் படைத்த தேசத்தின் கதை இது.

இங்கே குறை யாரிடத்தில் இருக்கிறது? கால் இல்லாதவரிடத்திலா, அவரை நிறுக்கத் தெரியாத தராசினிடத்திலா?

என் கடைத் தராசுக்கு வருஷந்தோறும் முத்திரை குத்த வேண்டும். 1972ஆம் வருஷத்து எடை அளவைச் சட்டம் அதற்காகத்தான் இருக்கிறது. சர்க்கரையில் ஐம்பது கிராம் குறைந்தால் நான் குற்றவாளி. ஒரு மனிதரை நிறுக்கவே முடியாத தராசை வைத்திருப்பவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை. "இவரால் ஏற முடியவில்லை" என்று அதை நோயாளியின் கணக்கிலேயே எழுதி விடலாம்! இந்தக் கணக்கு எனக்கு நேராகத் தோன்றவில்லை.

கட்டிலும் இப்படித்தான். டாக்டர்கள் பரிசோதிக்கும் சாதாரணக் கட்டில் தரையிலிருந்து ஏறக்குறைய 32 அங்குலம். சக்கர நாற்காலியின் இருக்கை 19, 20 அங்குலம். நடுவில் உள்ள பன்னிரண்டு அங்குலத்தைக் கடக்க முடியாமல், நாற்காலியில் உட்கார்ந்தபடியே பார்த்து அனுப்பப்படுகிறவர் ஏராளம். வயிற்றை அமுக்கிப் பார்க்காமல், முதுகுப் புண்ணைத் திருப்பிப் பார்க்காமல் செய்வது பரிசோதனையாகுமா? அமெரிக்கர் 2010இல் இதற்கென ஒரு சட்டம் இயற்றி, 2017 ஜனவரியில் அளவுகளை வெளியிட்டார்கள். கட்டில் எவ்வளவு தாழ வேண்டும் என்பதில் மட்டும் 17 அங்குலமா 19 அங்குலமா என்று முடிவாகாமல் இழுத்து, 2024 ஜூலையில் 17 என்று தீர்ந்தது. இரண்டங்குலத்துக்கு ஏழு வருஷமா என்று சிரிக்காதீர்கள். தாழ்ந்த நாற்காலியில் இருப்பவருக்கு அந்த இரண்டங்குலம் ஒரு மலை.

நமது மலேசியாவில் 2008ஆம் வருஷத்து 685ஆம் சட்டம், சுகாதார விஷயத்தில் மாற்றுத் திறனாளிகளுக்கு மற்றவரோடு சமமான உரிமை உண்டு என்கிறது. மீறினால் என்ன தண்டனை என்று அது இயற்றப்பட்டபோது சொல்லவில்லை. 2010இல் ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையையும் நம் நாடு ஏற்றது. எம்.எஸ். 1184 என்னும் தர அளவு கட்டடங்களுக்கானது. சாய்தளம், கதவின் அகலம், கழிவறை யாவற்றுக்கும் அதில் கணக்குண்டு. ஆக, சாய்தளத்தில் ஏறி ஆஸ்பத்திரிக்குள் போய்விடலாம். உள்ளே போனபின் கட்டிலில் ஏறுவது எப்படி?

1951இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறது. நீரிழிவால் கண்ணை இழப்பவர் பலர். சர்க்கரை பார்க்கும் மிஷினோ எண்ணைத் திரையில் காட்டுகிறது. வாய்விட்டுச் சொல்லும் மிஷின்களும் உலகில் உண்டு. ஆனால் பேசாததைத்தான் கடைகளில் முதலில் எடுத்துக் காட்டுகிறார்கள்.

என் சிநேகிதர் ஒருவர், நல்ல மனிதர், இதைக் கேட்டுவிட்டு, "தூக்கிவிட நாலு கை இருக்கையில் மிஷின் எதற்கு? அந்தக் கைகளுக்கு நன்மை கிடைக்குமே" என்றார். யோசிக்க வேண்டிய பேச்சு. தூக்குகிறவருக்கு நன்மை, சரி. தூக்கப்படுகிறவருக்கு? ஒவ்வொரு முறையும் நன்றி சொல்லிக் கூச வேண்டும். கை நழுவினால் எலும்பும் முறியும். நம் வீட்டுப் பெண் ஒருத்தி அந்நிலையில் இருந்தால், அந்நிய ஆண்கள் வந்து தூக்கச் சம்மதிப்பாளா? வாய் திறந்து சொல்லமாட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போவதையே விட்டுவிடுவாள். ஸதகா கொடுப்பது கொடுக்கிறவரின் பிரியம். ஹக் அப்படியல்ல. என்னிடம் கடன் வாங்கியவர் திருப்பிக் கொடுக்கும்போது, "உனக்குத் தர்மம் செய்தேன்" என்று சொல்ல முடியுமா?

ஒற்றை டாக்டர் நடத்தும் கிளினிக்கில் எல்லாவற்றையும் நாளையே மாற்று என்பதும் நியாயமல்ல. முதல் போடுகிற கஷ்டம் எனக்குத் தெரியும். பழையது கெட்டுப் புதியது வாங்கும்போதாவது, தாழ்கிற கட்டிலையும், நாற்காலியோடு ஏறக் கூடிய தராசையும் கேட்டு வாங்கலாமே. கர்ப்பிணிக்கும், முழங்கால் தேய்ந்த கிழவருக்கும் அதே கட்டில்தான் உதவும். பிறருக்குச் சொல்கிறேனே தவிர, என் கடை வாசலில் இரண்டு படி உண்டு. சரக்கு ஏற்றச் சாய்பலகை ஒன்று வைத்திருக்கிறேன். அதை மனிதருக்குப் போட இத்தனை நாள் எனக்கும் தோன்றவில்லை.

வேலூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் மேரி வர்கீஸ் என்றொரு அம்மையார் இருந்தார். 1954இல் கார் விபத்தில் முதுகெலும்பு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போனவர். அதன் பின்னரே, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி, தொழுநோயால் மடங்கிய கைகளை அறுவை செய்து நிமிர்த்தினார். அறுவை செய்கிறவர் நின்றுதான் செய்ய வேண்டும் என்று அங்கே யாராவது பிடிவாதம் பிடித்திருந்தால், எத்தனை பேர் கைகள் மடங்கியபடியே கிடந்திருக்கும்! டாக்டர் உட்கார்ந்தே வைத்தியம் செய்யலாம் என்றால், நோயாளி உட்கார்ந்தே வைத்தியம் பெறுவதில் என்ன தடை?

பெரியத்தாவுக்கு அடுத்த மாதம் மறுபடி நாள் குறித்திருக்கிறார்கள். எடை கேட்பார்கள். "உன் கடைக்கு மட்டும் வரமாட்டேன்" என்று அவர் இப்போதே சொல்லிவிட்டார்.