பிடித்துப் பார்த்து விடுவது அறமாகுமா?

இங்கிலாந்தில் கோடை விடுமுறை தொடங்கியதும் உள்ளூர் இயற்கைக் காப்பகங்கள் குடும்பங்களுக்கான நிகழ்ச்சிகளை நடத்துகின்றன. குளத்தில் வலைவிட்டுச் சிற்றுயிர்களைப் பிடித்துப் பார்ப்பது, இரவில் விளக்கு வைத்து அந்துப்பூச்சிகளை வரவழைப்பது, அந்தியில் வௌவால்களைத் தேடி நடப்பது, பட்டாம்பூச்சிகளை எண்ணுவது ஆகியவை அவற்றுள் வழக்கமானவை. இவற்றில் சில பார்ப்பதோடு நின்றுவிடும். சிலவற்றில் உயிரைப் பிடிக்க வேண்டியிருக்கும். காப்பதற்கென்றே ஒதுக்கிய இடத்தில் காக்கப்படும் உயிரைக் குழந்தையின் கல்விக்காகப் பிடிக்கலாமா என்ற அறவியல் கேள்வி இங்கே எழுகிறது.

இந்த முரண் காப்பகங்களின் பிறப்பிலேயே இருக்கிறது. வங்கியாளரும் பூச்சியியலாளருமான சார்லஸ் ராத்ஸ்சைல்டு 1912இல் தொடங்கிய சங்கமே இன்று ‘வைல்டுலைஃப் டிரஸ்ட்ஸ்’ என்ற அமைப்பாக வளர்ந்திருக்கிறது. பிளேக் நோயைப் பரப்பும் எலித் தெள்ளுப்பூச்சியை 1903இல் விவரித்தவரும் அவரே. அவர் காலத்தில் பூச்சியை அறிவதென்றால் அதைக் கொன்று பாடம் செய்து வைப்பதுதான். உள்ளாட்சிகள் காப்பகங்களை அமைக்க வழிசெய்த 1949ஆம் ஆண்டுச் சட்டம், உயிர்களைப் பாதுகாப்பதையும் அவற்றை ஆராய்வதற்கு வாய்ப்பளிப்பதையும் காப்பகத்தின் நோக்கங்களாகச் சொல்கிறது. இந்த இரண்டும் எப்போதும் ஒத்துப்போவதில்லை.

குளக்கரை நிகழ்ச்சியைப் பார்த்தால் இது விளங்கும். முதலில் வெள்ளைத் தட்டு ஒன்றில் குளத்து நீரையே ஊற்றி வைக்கிறார்கள். குழந்தை மரமேடையின் விளிம்பில் மண்டியிட்டு, நீளக் கைப்பிடி உள்ள வலையை நீருக்குள் எட்டு வடிவில் மெல்ல இழுக்கிறது. வலையைத் தட்டில் கவிழ்த்தவுடன் பாசியும் சேறும்தான் கண்ணில் படும். சற்றுப் பொறுத்தால் ஒவ்வொன்றாக அசையத் தொடங்கும்: மல்லாந்து நீந்தும் பூச்சி, மணலையும் குச்சியையும் ஒட்டிக் கட்டிய குழலுக்குள் ஒளிந்திருக்கும் காடிஸ் புழு, கழுத்தோரம் இறகு போன்ற செவுள்களை விரித்திருக்கும், நியூட் என்ற இருவாழ்வியின் குஞ்சு. தட்டாம்பூச்சியின் நீர்வாழ் இளம்பருவமும் பெரிய நீர்வண்டின் புழுவும் மற்றவற்றைத் தின்றுவிடும் என்பதால் அவற்றை வேறு தட்டுக்கு மாற்றுகிறார்கள். சிறு தட்டில் நீர் சீக்கிரம் சூடாகும். அதனால் நிழலில் வைத்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எடுத்த குளத்திலேயே தட்டை நீர்மட்டம் வரை தாழ்த்தி எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார்கள். இப்படிப் பிடிப்பதற்குப் பெரிய கொண்டை நியூட் விலக்கு. சட்டப் பாதுகாப்புள்ள அதை உரிமம் இல்லாமல் பிடிக்கக் கூடாது.

இப்படிப் பிடிப்பது தவறா என்பதற்கு மேற்கத்தியத் தத்துவம் ஒரே விடை தரவில்லை. மனிதனுக்கு விலங்குகளிடம் நேரடிக் கடமை எதுவும் இல்லை என்றார் இம்மானுவேல் கான்ட். ஆனால் விலங்கைத் துன்புறுத்திப் பழகியவன் மனிதரிடமும் ஈரமற்றவனாகிவிடுவான். ஆகவே விலங்கிடம் இரக்கம் காட்டுவது மனிதகுலத்துக்குச் செய்யும் கடமை என்பது அவர் வாதம். 1788இல் வெளிவந்த நூலில் தத்துவவாதி லைப்னிட்ஸைப் பற்றிய செய்தி ஒன்றையும் அவர் குறிப்பிடுகிறார். லைப்னிட்ஸ் ஒரு பூச்சியை உருப்பெருக்கியில் உற்றுப் பார்த்தபின், அதை அது இருந்த இலையிலேயே பத்திரமாகத் திரும்ப வைத்தாராம். அதைப் பார்த்ததால் தமக்கு அறிவு கிடைத்தது. அந்த வகையில் அது தமக்கு நன்மை செய்ததாக அவர் கருதினார் என்பது கான்ட் தரும் விளக்கம். பிடிப்பது கடன் வாங்குவது என்றால் திருப்பி விடுவது அந்தக் கடனைத் தீர்ப்பது. குளக்கரை நிகழ்ச்சிக்கு இதைவிடப் பொருத்தமான நியாயம் தத்துவ நூல்களில் கிடைப்பது அரிது.

ஆனால் கான்டின் பார்வை குழந்தையின் மனத்தை மட்டுமே அளக்கிறது. தட்டில் கிடக்கும் உயிரின் பக்கத்தை அது கேட்பதில்லை. அந்தப் பக்கத்தைக் கேட்டவர் ஜெரமி பெந்தம். ஓர் உயிருக்குப் பகுத்தறிவு உண்டா, பேச்சு உண்டா என்பது முக்கியமல்ல, அதற்குத் துன்பம் உண்டா என்பதே கேள்வி என்று 1789இல் அவர் எழுதினார். நியூட்டுக்கு வலி தெரியும் என்பதில் பெரிய ஐயமில்லை. பூச்சிகளின் நிலை தெளிவாகவில்லை. லண்டனில் 2022இல் நடந்த ஆய்வு ஒன்றில், பம்பிள் தேனீக்கள் எந்தப் பரிசும் கிடைக்காதபோதும் சிறு மரப்பந்துகளை விளையாடுவதுபோல் உருட்டிக்கொண்டிருந்தன; அவற்றுக்கும் உணர்வு இருக்கலாம் என்பதற்கு இது ஒரு குறிப்பு. அதே ஆண்டு பிரிட்டன் இயற்றிய விலங்கு உணர்வுச் சட்டம் முதுகெலும்பிகளையும், நண்டு, கணவாய் போன்றவற்றையும் உணர்வுள்ளவையாக ஏற்றது. பூச்சிகளை அது சேர்க்கவில்லை. உணர்வு உண்டோ இல்லையோ என்ற ஐயம் நீடிக்கும்வரை உண்டு என்று எண்ணி நடப்பதே பாதுகாப்பான வழி.

இன்னும் கடுமையான அளவுகோல் ஆல்பர்ட் சுவைட்சருடையது. ஆப்பிரிக்காவின் ஒகோவே ஆற்றில் 1915இல் பயணம் செய்தபோது அவர் மனத்தில் உருவான கொள்கை ‘உயிரைப் போற்றுதல்’. வாழ விரும்பும் எந்த உயிருக்கும் தேவையின்றித் தீங்கு செய்யக் கூடாது. தேவை உண்டா என்பதையும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்றார். சமண மரபு இதை அன்றாட ஒழுக்கமாகவே ஆக்கியது. குடிநீரைத் துணியில் வடிகட்டும் சமணர், துணியில் தங்கிய சிற்றுயிர்களை எடுத்த நீர்நிலையிலேயே சேர்ப்பது வழக்கம்.

தேவை உண்டு என்பவர்கள் அமெரிக்க வண்ணத்துப்பூச்சியியலாளர் ராபர்ட் மைக்கேல் பைலைத் துணைக்கு அழைப்பார்கள். வீட்டருகே உள்ள உயிர்கள் மறையும்போது அவற்றோடு மனிதருக்கு உள்ள பழக்கமும் மறைகிறது. பழக்கம் போனால் அக்கறையும் போய்விடுகிறது என்று அவர் 1993இல் வெளியான ‘தி தண்டர் ட்ரீ’ என்ற நூலில் வாதிட்டார். தட்டில் இருக்கும் அந்த ஒரு நியூட்டுக்கு இதனால் நன்மை எதுவும் இல்லை என்பது உண்மை. ஆனால் அது வாழும் குளத்தை நாளை யாராவது தூர்க்க வந்தால் எதிர்த்து நிற்கப்போகிறவர்கள் அதைப் பார்த்து வளர்ந்தவர்களாகவே இருப்பார்கள்.

இந்த வாதத்துக்கும் எல்லை உண்டு. வௌவால் நடையில் யாரும் எதையும் தொடுவதில்லை. மனிதக் காதுக்கு எட்டாத ஒலியைக் கேட்கும்படி மாற்றித் தரும் கருவி மட்டும் கையில் இருக்கும். சாதாரணப் பிபிஸ்ட்ரெல் வௌவாலின் ஒலி ஏறத்தாழ 45 கிலோஹெர்ட்ஸில் கேட்கும். அதன் உறவான இன்னோர் இனத்தின் ஒலி 55இல் கேட்கும். ஒரே இனம் என்று நெடுங்காலம் கருதப்பட்ட இரண்டும் வேறு வேறு என்பது முதலில் தெரியவந்ததே இந்த ஒலி வேறுபாட்டால்தான். பிடிக்காமலே அறிய முடியும் இடத்தில் பிடிப்பதற்கு நியாயம் இல்லை. கலங்கிய குளத்தின் அடியில் வாழும் காடிஸ் புழுவைக் கரையில் நின்று பார்க்க முடியாது. அங்கே வலைக்கு ஒரு நியாயம் இருக்கிறது.

ஆகவே விடை நிபந்தனைக்கு உட்பட்டது. வேறு வழியில் காண முடியாத உயிராக இருக்க வேண்டும். பிடிப்பதால் அதற்கு நேரும் இடர் மிகக் குறைவாக இருக்க வேண்டும். எடுத்த இடத்திலேயே அதை விடுவதும் பாடத்தின் பகுதியாக இருக்க வேண்டும். அந்துப்பூச்சிப் பொறியைக் காலையில் திறப்பவர்கள், உள்ளே முட்டை அட்டைகளில் ஒட்டியிருக்கும் பூச்சிகளை வெட்டவெளியில் உதறாமல் அடர்ந்த புதருக்குள் விடுவதும் இதனால்தான். இல்லையென்றால் அருகில் காத்திருக்கும் ராபின் குருவிக்கு அவை இரையாகிவிடும். விடும் வேலையை நிகழ்ச்சி நடத்துபவர் தனியே முடித்துவிடாமல், பிடித்த குழந்தையின் கையாலேயே செய்விக்க வேண்டும். பிடிக்க மட்டும் கற்றுத் தந்து குழந்தையை வீட்டுக்கு அனுப்பும் நிகழ்ச்சிக்குக் காப்பகத்தில் இடமில்லை.