வியர்வையும் ஊதியமும்

கல்லூரிக்காக விளையாடும் மாணவனுக்கு ஊதியம் தகுமா என்று அமெரிக்கர் நெடுங்காலம் வழக்காடினர். காசு கல்வியை மாசுபடுத்தும் என்பது ஒரு சாரார் வாதம். நாமும் முதலில் அதற்கே தலையசைத்தோம். கல்வியை விலைப்பொருளாக எண்ணக் கூசும் மரபில் வந்தவர்கள் அல்லவா!

ஆயின், 1955இல் கொலராடோ மாநிலத்தில், தம் கல்லூரிக்காக அமெரிக்கக் கால்பந்து ஆடுகையில் தலையில் அடிபட்டு ஒரு மாணவர் உயிர் நீத்தார். இழப்பீடு வேண்டிய அவர்தம் மனைவிக்கு, அவர் கல்லூரியின் பணியாளர் அல்லர் என்று 1957இல் மாநில உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. இன்று முன்னணிப் பயிற்சியாளர் சிலர் ஆண்டுக்கு ஒரு கோடி டாலருக்கும் மேல் பெறுகின்றனர். அதனால் கெடாத தூய்மை, ஆடுபவன் பெறும் காசால் மட்டும் கெடுமோ?

2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டால் கல்லூரிகளே வீரர்க்குப் பணம் வழங்க வழி பிறந்தது. எனினும், அவர்கள் பணியாளரா என்னும் வினாவை அது தீர்க்கவில்லை. அக்கைம்பெண் கேட்டதோ அதனைத்தான்.