கொல்லைப்புற வழி

பேங்க்கில் பணம் போட்டிருக்கிறீர்கள்தானே? அப்படியானால் இது உங்கள் வழக்கும்கூட.

வங்கிகளைச் சோதித்து ரிசர்வ் வங்கி எழுதும் அறிக்கையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் சிலர் கேட்டார்கள். வங்கிகள் எங்களை நம்பிக் கொடுத்த ரகசியம், தர முடியாது என்றது ரிசர்வ் வங்கி. உன் கடமை வங்கிகளுக்கல்ல, பொதுமக்களுக்கு என்று 2015 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது சுப்ரீம் கோர்ட்.

வங்கிகள் சும்மா இருக்குமா? தீர்ப்பையே திரும்பப் பெறச் சொல்லி மனுப் போட்டன. அப்படியொரு வழி விதிகளில் இல்லை என்று 2021 ஏப்ரலில் கோர்ட் கைவிரித்தது. மறுசீராய்வு மனு உண்டு. ஆனால் முப்பது நாள் கெடு, கூடியவரை அதே நீதிபதிகள், பொதுவாக வக்கீல் வாதம்கூடக் கிடையாது.

சபாஷ் என்கிறீர்களா? கொஞ்சம் இருங்கள். அரசு ஊழியர் வாங்கிய மெமோவும் அவருடைய சொத்துக் கணக்கும், பெரிய பொதுநலன் இருந்தாலொழிய, அவர் சொந்த விஷயம் என்று 2012-ல் சொன்னதும் இதே கோர்ட்தான். அதைக் காட்டியே எத்தனையோ மனுக்கள் திரும்பி வந்தன. அதை மட்டும் மாற்றச் சொல்வோம், இதைத் தொடக்கூடாது என்போமா? எனக்கும் ஆசைதான். நியாயமாகத் தெரியவில்லை.

முந்தைய வழக்கில் தங்களை யாரும் கேட்கவில்லை என்பது சில வங்கிகளின் வாதம். அது நியாயமான குறைதான். 2022 செப்டம்பரில் வேறொரு அமர்வு, அந்தரங்க உரிமையையும் பார்க்க வேண்டுமென்று, அவர்களுடைய புது மனுக்களை விசாரிக்க ஒப்புக்கொண்டது. வாசலில் நுழைய முடியாதவர்களுக்குக் கொல்லைப்புறம் திறந்தது.

பத்து ரூபாய் கட்டி மனுப் போட்டுவிட்டு, 2012 தீர்ப்பைக் காட்டித் திருப்பி அனுப்பப்பட்டவரையும்தான் அன்று யாரும் கேட்கவில்லை. அவருக்கு எந்தக் கொல்லைப்புறம்?