கருணை யார் கணக்கில்?



சிங்கப்பூரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் சென்ற மாதம் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அவருடைய கடையின் பின்சந்தில் ஒரு பெண்பூனை திரிந்துகொண்டிருந்தது. ஆளைக் கண்டாலே ஓடி ஒளியும். ஓராண்டுக் காலம் பொறுமையாக உணவு வைத்ததில், இப்பொழுது அவர் காலடியில் வந்து படுக்கிறது. அதை வீட்டுக்குக் கொண்டுபோக ஆசைப்படுகிறார். வீட்டிலோ ஏழாண்டுகளாக ஒரு பூனை இருந்து வருகிறது. 2024 செப்டம்பர் 1 முதல், உரிமம் பெற்று வீவக வீடுகளில் இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம் என்றாகிவிட்டதால், சட்டத்தின் தடையும் இல்லை.

"புதிய பூனையைச் சில வாரம் தனியறையில் அடைத்து வைக்கவேண்டும் என்கிறார் மிருக வைத்தியர். பூனையை அடைத்து வைத்த பெண்ணின் கதி நாம் அறிந்ததுதானே! இது பாவமாகாதா, பாய்?" என்றார்.

நல்ல கேள்வி. ஆனால் அந்த நபிமொழியைச் சற்று நிதானித்துப் பார்க்கவேண்டும். அந்தப் பெண் பூனையை அடைத்தாள்; தானும் உணவு கொடுக்கவில்லை; அது வெளியே சென்று இரை தேடவும் விடவில்லை. குற்றம் அங்கேதான் இருக்கிறது. கதவைச் சாத்தியவன், உள்ளே இருக்கும் உயிரின் பசிக்கும் பயத்துக்கும் பொறுப்பாளியாகிவிடுகிறான். அந்தப் பொறுப்பை நிறைவேற்றுகிறவனுக்குச் சாத்திய கதவு பாவமன்று.

அறை எதற்கு? சந்துப் பூனையிடம் தெள்ளும் குடற்புழுவும் இருக்கலாம். பூனைக்குப் பூனை தொற்றும் லுகேமியா போன்ற நோய்களும் இருக்கலாம். இரத்தம் சோதித்து, தடுப்பூசி போட்டு, கருத்தடையும் செய்த பிறகே அது மற்றதோடு பழகவேண்டும். மேலும், பூனைக்கு வீடு என்பது வாசனையால் ஆனது. அந்நிய வாசனை திடீரென்று நடுவீட்டில் வந்து நின்றால், பழைய பூனைக்கு அது படையெடுப்பு. ஆகையால் ஒன்று படுத்த துணியை மற்றதன் இடத்தில் போட்டு வாசனையைப் பழக்குகிறார்கள். பிறகு மூடிய கதவின் இருபுறமும் உணவு வைக்கிறார்கள். அடுத்து, கம்பிவலை வழியாகப் பார்க்க விடுகிறார்கள். கடைசியில்தான் சில நிமிடச் சந்திப்பு. சீறினால் அடிக்கலாகாது, ஒரு படி பின்வாங்கவேண்டும். சில வாரமும் ஆகும், பல மாதமும் ஆகும்.

நண்பருக்கு இந்தத் தாமதம் பொறுக்கவில்லை. "இரண்டையும் ஒன்றாக விட்டால் தானே பழகிக்கொள்ளும்" என்றார். நான் கேட்டேன்: "அவசரம் யாருக்கு? பூனைகளுக்கா, உங்களுக்கா?" அவர் சிரித்துவிட்டார்.

வியாபாரிகளாகிய நமக்கு இது விளங்காத விஷயமன்று. ஒருவருக்குச் செய்யும் தர்மத்தை இன்னொருவர் பற்றில் எழுதலாமா? ஏழாண்டு இருந்த பூனை, தன் மூலையையும் தட்டையும் இழந்து கட்டிலுக்கடியில் பதுங்கிக் கிடந்தால், புதியதற்குக் காட்டிய இரக்கத்தின் விலையை அதுவல்லவா செலுத்துகிறது? எனவே தனித்தனி உணவுத் தட்டு வேண்டும். மலஜலத்துக்கான மணல் தட்டு, பூனைகளின் எண்ணிக்கைக்கு ஒன்று கூடுதலாகவே இருக்கட்டும். கொடுக்கும் செலவு நம் கையிலிருந்து போகட்டும்.

இன்னொன்றும் உண்டு. குட்டிப் பருவத்தில் மனிதர் கைபடாமல் வளர்ந்த பூனைகளில் பல, கடைசிவரை நான்கு சுவருக்குள் பயந்தே வாழும். அத்தகையதைக் கருத்தடை செய்து, இருந்த இடத்திலேயே விட்டு, நாள்தோறும் உணவளிப்பதே அதற்குச் செய்யும் உபகாரம். நம் ஆசைக்காக அதை வீட்டில் வைத்துக்கொள்வது உபகாரமாகாது.

நண்பர் அறையை ஒழித்துக்கொண்டிருக்கிறார். கதவைத் திறக்கும் நாளை அவர் குறிக்கவில்லை. அதை அந்த இரண்டு வாயில்லா ஜீவன்களும் சொல்லட்டும் என்று காத்திருக்கிறார்.