எரியாத நெருப்பு

நெருப்பின் அருகே ஒருவகை மணியை வைத்தால் அந்நெருப்பு சுடாது என்றொரு திருஷ்டாந்தத்தை எடுத்துக்கொண்டு, நம் பழைய தத்துவ சாஸ்திரிகள் நெடுங்காலம் வாதம் புரிந்திருக்கிறார்கள். அப்படியொரு மணி உலகத்தில் உண்டா என்பது வேறு விஷயம். அவர்களுடைய வாதத்துக்கு அது இடையூறாக இருக்கவில்லை. கட்டை இருக்கிறது, நெருப்பு இருக்கிறது, எரிதலென்னும் காரியம் மட்டும் நிகழவில்லை என்றால், நெருப்பினுள் நெருப்பினும் வேறாய்க் கட்புலனுக்கு எட்டாத ‘சக்தி’ என்றொரு பதார்த்தம் உறைந்திருந்து, அதையே மணி கெடுத்துவிட்டது என்று கொள்ள வேண்டும் என்றார்கள் மீமாம்சகர்கள். நையாயிகர்கள் இதற்கு இசையவில்லை. நெருப்பில் ஒன்றும் குறைந்துபோகவில்லை. தடையொன்று வந்து சேர்ந்தது, அவ்வளவே. தடையில்லாமையும் காரணங்களுள் ஒன்றாகும். அதைக் கணக்கில் சேர்த்துவிட்டால் மறைபொருளான சக்தியைக் கற்பித்துக்கொள்ள அவசியமே இல்லை என்பது அவர்கள் பக்ஷம். பத்தாம் நூற்றாண்டில் மிதிலை நாட்டு உதயனாசாரியர், ஈசுவரன் உண்டென்று நிறுவுவதற்காகவே இயற்றிய நியாயகுஸுமாஞ்ஜலியில் இந்தச் சக்தி வாதத்தை மறுத்திருக்கிறார்.

இவ்வழக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை. திருவொற்றியூரில் அது நாள்தோறும் விசாரணைக்கு வருகிறது. தியாகராசப் பெருமானும் வடிவுடையம்மனும் கோயில் கொண்டு, பட்டினத்தார் சமாதியுற்ற இவ்வூரிலேதான், இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூடி 1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் தொழிற்சாலை எழுந்தது. இங்கிலாந்தில் தாய் நிறுவனம் மறைந்த பிறகும் 346 சி.சி. புல்லட் இங்கே பெரிய மாறுதலின்றிப் பல்லாண்டுகள் உற்பத்தியாகி வந்தமையால், நெடுஞ்சாலையை ஒட்டிய குறுக்குத் தெருக்களில், துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளின் புழுதிக்கும் இரைச்சலுக்கும் நடுவே, பழைய வண்டிகளைப் பிரித்துப் போட்டிருக்கும் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. ஹாண்டில்பாரை உயர்த்தி, மட்கார்டைக் குறுக்கி, ஏர்ஃபில்டர் பெட்டியைக் கழற்றியெறிந்து, தன் மனோரதத்துக்கு ஏற்ப உருமாற்றிய புல்லட்டை ஒருவர் தள்ளிக்கொண்டு வந்து, “இன்ஜின்ல தம்மே இல்லப்பா, யார் கண்ணு பட்டுச்சோ” என்று சொல்லி நிறுத்தும்போது, தாம் மீமாம்சகர் கட்சியில் சேர்ந்துவிட்டதை அவர் அறியமாட்டார். மெக்கானிக்கோ ஒன்றும் பேசாமல் பிளக்கைக் கழற்றுகிறார்.

அந்தப் பிளக்கு நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, குறை மின்பொறியில் இருக்கலாம். உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரும் வழியை நாட வேண்டும். இது அனுமானத்தின் முதற்பாடம். ஆனால் பிளக்கில் கரி படிந்திருந்தால், பெட்ரோல் மிகுதியாலும் அது படியலாம், பொறியின் பலவீனத்தாலும் படியலாம். இரு பக்கத்துக்கும் பொதுவாக நிற்கும் இத்தகைய ஏதுவைத் தர்க்க நூலார் ஏதுப்போலி என்று ஒதுக்கினார்கள். கரியைக் கண்டவுடன் கார்புரேட்டரைத் திருகத் தொடங்கும் அவசரக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் வண்டியோடு சேர்த்துத் தர்க்க சாஸ்திரத்தையும் கெடுத்துவிடுகிறார்கள்.

இதனினும் நுட்பமானது பொறியைச் சோதிக்கும் முறை. பிளக்கின் உடலை சிலிண்டர் தலையில் ஒட்டவைத்துக் கிக்கரை மிதிப்பதற்கு முன், மெக்கானிக் வண்டியைத் திருப்பித் தம் நிழல் அதன்மேல் விழும்படி குனிந்து, ஒரு கையைக் குடைபோல் கவித்துக்கொள்கிறார். உச்சி வெயிலில் மின்பொறி இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. தெரியாததை இல்லையென்று துணிவது பிழை. ஒரு பொருள் இருந்தால் புலப்பட்டே தீரும் என்ற நிலையை முதலில் அமைத்துக்கொண்டு, அந்நிலையிலும் அது காணப்படாவிட்டால்தான் அக்காணாமை இன்மைக்குப் பிரமாணமாகும் என்று பாட்ட மீமாம்சகர்கள் சொன்னதை அந்தக் கை செய்து காட்டுகிறது. இன்மையை உணர்த்தும் இந்த அபாவத்தைத் தனி அளவையாகக் கொள்வதா, காட்சியில் அடக்குவதா என்பதில் நம்மவர்களுக்குள்ளே ஏகமான அபிப்பிராயம் கிடையாது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரில் அதை அளவைகளின் வரிசையில் வைத்து எண்ணிவிட்டு, காண்டல், கருதல், உரை என்ற மூன்றிலேயே எல்லாவற்றையும் அடக்கினார். போகட்டும். வெளிக்காற்றில் பாயும் பொறிகூட சிலிண்டருக்குள் அமுக்கத்தில் பாயாமற்போவதுண்டு என்பதனால், காட்சியும் தன் எல்லைக்குள்ளேதான் பிரமாணம்.

பொறியும் இருந்து, பெட்ரோலும் இருந்து, வண்டி சூடேறும் வரை ஓடி நின்றுவிட்டு, ஆறிய பின் மறுபடியும் கிளம்புமானால் விசாரம் கடினமாகிறது. கண்ணேறு என்ற பேச்சு பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. அனுபவஸ்தரின் ஐயம் கண்டன்சரின் மேலும் காயிலின் மேலும் செல்லும். புதிய கண்டன்சரை மாட்டியதும் வண்டி நிற்காமல் ஓடினால், அது ஒன்றிருக்க மற்றொன்று இருத்தலாகிய அந்வயம் மட்டுமே. மாட்டும்போது பக்கத்தில் தளர்ந்திருந்த ஒயர் தற்செயலாக அழுந்தியிருக்கவும் கூடும். பழையதைத் திரும்பப் பொருத்தி, குறை திரும்பவும் தோன்றக் கண்ட பிறகே, ஒன்றில்லாவிடில் மற்றொன்றும் இல்லாமையாகிய வியதிரேகமும் கூடிக் காரணம் நிச்சயமாகிறது. சரியாக ஓடும் வண்டியை மறுபடியும் கெடுத்துப் பார்க்கும் இந்தப் பொறுமை எத்தனை பேருக்கு வரும்?

நையாயிகர் கொள்கையிலும் ஒரு சங்கடம் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. தடைகளின் இன்மை காரணமென்றால், தடைகளுக்கு எண்ணிக்கை ஏது? உயர்த்திய ஹாண்டில்பாருக்கு எட்டும்படி ஒட்டுப்போட்ட ஒயர் திரும்பும்போதெல்லாம் உராயலாம். ஏர்ஃபில்டர் பெட்டியைக் கழற்றியதால் காற்று மிகுந்து, கார்புரேட்டரில் பழைய ஜெட்டே இருக்கையில் கலவை மெலியலாம். எண்ணூரிலிருந்து ராயபுரம் வரை வீசும் உப்புக் காற்றில் செப்பு முனைகள் பச்சை பூக்கலாம். டாங்கியின் துரு இறங்கி மிதவை ஊசியைப் பிடிக்கலாம். இவையெல்லாம் இல்லாதிருத்தல் வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போனால் முடிவில்லை. ‘சக்தி’ என்ற ஒரே சொல்லில் எவ்வளவு சௌகரியம்! ஆயினும் அந்தச் சௌகரியத்தால் ஒரு வண்டியும் கிளம்பியதில்லை.

இப்படியெல்லாம் துருவுகிறவர் நாஸ்திகரென்று யாரும் எண்ண வேண்டாம். ஆயுத பூஜையன்று அதே மெக்கானிக் ஸ்பானர்களைக் கழுவி அடுக்கி, இன்ஜினுக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறார். இதில் முரண்பாடு இல்லை. மண்ணை முதற்காரணமென்றும், திரிகையைத் துணைக்காரணமென்றும், குயவனை நிமித்த காரணமென்றும் பிரித்துக்காட்டும் சைவ சித்தாந்தம், இறைவனை நிமித்த காரணனாக வைத்ததன்றித் திரிகையின் அச்சு முறிந்ததற்கு அவனைப் பொறுப்பாளியாக்கவில்லை. கட்புலனாகும் காரணம் கிடைக்கும்போது கட்புலனாகாத அதிருஷ்டத்தைக் கற்பிப்பது முறையன்று என்று விதித்தவர்களே அதிருஷ்டத்தை நம்பியவர்கள்தாம். தேடுதற்குச் சோம்பி ‘எல்லாம் அவன் செயல்’ என்று கூறுவதைப் பக்தியென்று ஒப்புக்கொள்ள என்னால் இயலவில்லை. மின்சுற்றை மூடித் திறந்து பொறியெழுப்பும் பாயிண்ட்டில் படிந்த எண்ணெய்ப்பசைக்கு ஆண்டவனைச் சாட்சிக்கு இழுப்பது அவனுக்கு மரியாதையும் ஆகாது.

ஆகவே அடுத்த ஆயுத பூஜைக்கு உங்கள் பழைய புல்லட்டைத் துடைக்கும்போது அந்தப் பாயிண்ட்டையும் ஒருமுறை துடைத்துவிடுங்கள். பின் சாவியைத் திருப்பி, டிகம்ப்ரஷன் பிடியை இழுத்துக்கொண்டு கிக்கரை மெல்ல மிதித்தால், பாயிண்ட் மூடும்போது ஆம்பியர் மீட்டரின் முள் இறங்கி, திறக்கும்போது நடுவுக்குத் திரும்ப வேண்டும். முழுதும் திறந்த நிலையில் பாயிண்ட்டின் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை இருப்பது சரியான அளவு.