கொசு தின்னாத வௌவால்

பாலக்காட்டில் கல்பாத்தி அக்கிரகாரத்தைப் பார்த்திருக்கும் அன்பர்கள் அங்குள்ள பழைய வீடுகளின் அமைப்பை அறிவார்கள். ஒரு வீட்டிற்கும் அடுத்த வீட்டிற்கும் பொதுவாக ஒரே சுவர். மேலே ஓட்டுக்கூரை, அதற்குக் கீழே மரப்பலகை பாவிய மச்சு. அத்தகைய வீடு ஒன்றில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன்பு என்னிடம் ஒரு சங்கடத்தைக் கூறினார்.

"சுவாமிஜி, மச்சில் வௌவால்கள் குடியேறிவிட்டன. பூஜை அறையிலேயே எச்சம் விழுகிறது. மகள் பிரசவத்திற்கு வந்திருக்கிறாள். பிறந்த குழந்தை வீட்டில் இருக்கிறது. புகை போட்டு விரட்டி, பொந்துகளைச் சிமெண்ட் பூசி அடைத்துவிடலாம் என்கிறார் கொத்தனார். இதில் தோஷம் உண்டா?"

நான் சற்றும் யோசிக்காமல் பதில் கூறினேன். "அவை சிறிய வௌவால்கள்தானே? அவை பழம் தின்பவையல்ல, பூச்சி தின்பவை. கொசுக்களைப் பிடித்துத் தின்று உங்களுக்கு நன்மையே செய்கின்றன. இருந்துவிட்டுப் போகட்டுமே" என்றேன்.

அவர் பணிவுடன், ஆனால் ஆசிரியருக்கே உரிய கூர்மையுடன் கேட்டார்: "கொசுவைத் தின்னாவிட்டால் கொன்றுவிடலாமா, சுவாமிஜி?"

தத்துவம் படித்தவன் என்ற எண்ணம் எனக்கு உள்ளூர உண்டு. அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை.

முதலில், நான் சொன்ன செய்தியே அரைகுறையானது என்பதைப் பின்னர் படித்து அறிந்தேன். ஒரு சிறிய வௌவால் ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான கொசுக்களைத் தின்னும் என்று பலரும் எழுதுகிறார்கள். மூடிய அறைக்குள் கொசுக்களைப் பறக்கவிட்டுச் செய்த சோதனையில் கண்ட வேகத்தை மணிக்கணக்கில் பெருக்கிச் சொன்ன கணக்கு அது. திறந்த வெளியில் வௌவால்கள் வண்டு, விட்டில், சிறகு முளைத்த ஈசல் என்று கிடைப்பதையெல்லாம் பிடிக்கின்றன. கொசுவும் அவற்றுள் ஒன்று, அவ்வளவே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சான் அன்டோனியோ நகரில் டாக்டர் சார்லஸ் கேம்ப்பெல் என்பவர் மலேரியாவை ஒழிப்பதற்காக வௌவால்களுக்கென்றே கோபுரங்கள் கட்டினார். அவரது நம்பிக்கையை அறிவியல் உறுதிப்படுத்தவில்லை.

அவற்றின் உண்மையான உபகாரம் வயலில் இருக்கிறது. நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் தத்துப்பூச்சிகளைத் தாய்லாந்தில் ஒருவகை வௌவால்கள் பெருமளவில் தின்பதாக 2014-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. கேரளத்தின் நெற்களஞ்சியம் எனப்படும் பாலக்காட்டில் இருப்பவர்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. இதைவிட நெஞ்சை உலுக்குவது 2024-இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வு. அமெரிக்காவில் 2006-இல் தென்பட்ட ஒரு பூஞ்சை நோயால் வௌவால்கள் லட்சக்கணக்கில் மடிந்தன. அவை மறைந்த பகுதிகளில் விவசாயிகள் பூச்சிமருந்தை ஏறக்குறைய 31 சதவீதம் கூடுதலாகத் தெளித்தனர். அதே பகுதிகளில் சிசு மரணம் சுமார் 8 சதவீதம் உயர்ந்தது என்கிறது அவ்வாய்வு. தம் பேரனைக் காப்பதற்காக வௌவாலை விரட்ட நினைத்தவரிடம் இதைச் சொல்லியிருக்கலாமே என்று பிறகு தோன்றியது. ஆனால் இதுவும் அவரது கேள்விக்குப் பதிலாகாது. கொசுவின் இடத்தில் தத்துப்பூச்சியை வைத்தேன், வாதம் மாறவில்லை. நமக்குப் பயன்படுவதால்தான் அது வாழலாம் என்றே இரண்டும் கூறுகின்றன.

பயன் என்ற தூணில் மட்டும் கட்டிய கருணை, பயன் பொய்த்த அன்றே சரிந்துவிடும். கேரளம் இதைக் கண்ணால் கண்டது. 2018 மே மாதம் கோழிக்கோடு மாவட்டத்தின் பேராம்பிரா பகுதியில் நிபா நோய் பரவியது. நோயுற்ற குடும்பத்தின் கிணற்றில் வௌவால்கள் இருந்ததால் எல்லோருடைய சந்தேகமும் அவற்றின்மீது விழுந்தது. பரிசோதனையில் அவை பூச்சி தின்னும் வௌவால்கள் என்றும், அவற்றில் அந்த வைரஸ் இல்லை என்றும் தெரியவந்தது. வைரஸ் பெரிய பழந்தின்னி வௌவால்களிடம்தான் காணப்பட்டது. மலையாள மொழி நரிச்சீறு என்று சிறியதையும், கடவாவல் என்று பெரியதையும் தெளிவாகப் பிரித்துச் சொல்கிறது. தமிழிலும் துரிஞ்சில் என்ற பழஞ்சொல் உண்டு. அச்சம் வந்தபோது இந்தப் பாகுபாடெல்லாம் மறந்துபோய்விட்டது. 2025 ஜூலையில் பாலக்காடு மாவட்டத்திலும் நிபா உறுதியானபோது பழைய அச்சம் மீண்டும் எழுந்தது. ஆகவே ஆசிரியரின் கேள்வி ஏட்டுக் கேள்வியல்ல. பழந்தின்னியின் பக்கம் நின்று பேச இலுப்பை விதையைப் பரப்பும் அதன் தொண்டைச் சுட்டிக்காட்டலாம். நோய்க்கு அஞ்சும் தாயின் தராசில் இலுப்பை விதைக்கு எவ்வளவு எடை இருக்கும்?

சட்டத்தின் கதையும் கவனிக்கத்தக்கது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தனது ஐந்தாம் பட்டியலில் காகம், சுண்டெலி, எலி ஆகியவற்றுடன் பழந்தின்னி வௌவாலையும் சேர்த்து, யாரும் கொல்லத்தக்கது என்று ஒதுக்கிவைத்தது. அப்பட்டியலின் ஆங்கிலத் தலைப்பு 'வெர்மின்'. மொழிபெயர்ப்பையே பணியாகக் கொண்ட எனக்கு அச்சொல் பிடிபடாமல் நழுவியது. புழு என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது அது. தீங்குயிர் என்று எழுதிப் பார்த்தேன். பீடை என்றும் எழுதிப் பார்த்தேன். ஓர் உயிர் எத்தகையது என்பதைவிட, அதன்மீது நமக்குள்ள எரிச்சலையே அச்சொற்கள் கூறுவதாகத் தோன்றியது. எலி ஆண்டுக்குப் பல முறை ஈனும். வௌவால் இனங்களில் பெரும்பாலானவை ஒரு பேற்றில் ஒரே ஒரு குட்டியைத்தான் ஈனுகின்றன. இரண்டையும் ஒரே வரிசையில் வைத்தது வெறும் எரிச்சல்தானே!

அதே 1972-இல் வேறொன்றும் நிகழ்ந்தது. இடுக்கி மாவட்டத்தின் எல்லையை ஒட்டித் தேனி மாவட்டத்தில் இருக்கிறது மேகமலை. அங்கே 1948-இல் ஆங்கஸ் ஹட்டன் என்பவர் ஒரு பழந்தின்னி வௌவாலைச் சேகரித்தார். சாதாரண வௌவால் என்ற பெயர்ச்சீட்டுடன் அது பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தில் கிடந்தது. தாய்லாந்து அறிஞர் கிட்டி தொங்லோங்யா அதை ஆராய்ந்து, உலகில் அதுவரை அறியப்படாத ஒரு பேரினம் அது என்று கண்டு, சாலிம் அலியின் பெயரை அதற்குச் சூட்டினார். அவர் அதை வெளியிட்ட ஆண்டு 1972! நாடு ஒரு கையால் ஓர் அரிய உயிருக்குப் பெயர் சூட்டியது. மறு கையால் அதன் குலத்தையே கொல்லத்தக்கது என்று எழுதியது. பிற்காலத்தில் இந்த ஓர் இனம் மட்டும் முதல் பட்டியலுக்கு உயர்த்தப்பட்டுப் பாதுகாப்புப் பெற்றது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் ஐந்தாம் பட்டியலே நீக்கப்பட்டது. இடைப்பட்ட ஐம்பது ஆண்டுகளில் வௌவால் மாறவில்லை.

அப்படியானால் பயனை விட்டுவிட்டு எதைப் பிடித்துக்கொள்வது? அமெரிக்கத் தத்துவ அறிஞர் தாமஸ் நேகல் 1974-இல் ஒரு கட்டுரை எழுதினார். வௌவாலாக இருப்பது எப்படி இருக்கும் என்பதே அதன் தலைப்பு. நம்மைப்போல் பாலூட்டும் பிராணிதான் வௌவால். ஆனால் அது தன் குரலின் எதிரொலியைக் கொண்டே உலகை அறிகிறது. அதன் மூளையையும் செவியையும் எவ்வளவு ஆராய்ந்தாலும், அந்த அனுபவம் அதற்கு உள்ளிருந்து எப்படி இருக்கிறது என்பதை நம்மால் அறிய முடியாது என்பது அவர் வாதம். பட்டமேற்படிப்பில் நான் இதை அறிவைப் பற்றிய வாதமாகவே படித்துத் தேர்வெழுதினேன். கல்பாத்தி ஆசிரியரின் கேள்விக்குப் பிறகுதான் அதன் மறுபக்கம் புலப்பட்டது. அறிய முடியாவிட்டாலும், அறிய வேண்டிய 'உள்' ஒன்று அங்கே இருக்கிறது. மச்சின் இருளில் தொங்கும் அந்தச் சிறு உடலுக்கும் உலகம் என்று ஒன்று உண்டு. நமக்குப் பயன்படுவது அந்த உலகின் நோக்கம் அல்ல.

ஆனால் இதைச் சொல்லி இல்லறத்தாரின் வாயை அடைத்துவிடுவது நியாயமாகாது. சந்நியாசிக்கு மரத்தடி போதும். பிரசவித்த பெண்ணுக்குக் கூரை வேண்டும். நம் தர்ம சாஸ்திரங்கள் இதில் மிகுந்த நேர்மையுடன் பேசியிருக்கின்றன. அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல், நீர்க்குடம் ஆகிய ஐந்தும் இல்லறத்தாரின் கொலைக்களங்கள் என்று மனுஸ்மிருதி வெளிப்படையாகவே கூறி, அதற்குப் பரிகாரமாகவே ஐந்து மகாயஜ்ஞங்களை விதிக்கிறது. ஹிம்சையே இல்லாத வீடு இல்லை என்று ஒப்புக்கொண்ட பிறகே தர்மம் தொடங்குகிறது. மகாபாரதத்தின் தர்மவியாதரும் உழவனின் ஏர்முனையில் மடியும் உயிர்களைக் காட்டி இதையே விளக்குகிறார். ஆகவே வீட்டைக் காக்க ஆசிரியருக்கு உரிமை உண்டு. எச்சத்தூளைச் சுவாசிப்பது நுரையீரலுக்குக் கேடு. வௌவாலை வெறுங்கையால் தொடுவதும் ஆபத்து. கேள்வி, அந்த உரிமையை எப்படி, எப்போது பயன்படுத்துவது என்பதே.

இங்கே என்னைப் பற்றிய ஒரு செய்தியையும் சொல்ல வேண்டும். நான் பிரம்மச்சாரியாக இருந்தபோது, ஓர் ஆசிரமத்தில் சமையற்கட்டின் மேற்கூரையில் இதே தொல்லை. வௌவால்கள் எல்லாம் அந்தியில் வெளியேறட்டும் என்று காத்திருந்து, இருட்டிய பிறகு பொந்துகளை அடைத்தோம். ஒன்றைக்கூடக் கொல்லவில்லை என்று எங்களுக்கு ஒரே திருப்தி. அன்றிரவும் மறுநாளும் கூரைக்குள் மெல்லிய கீச்சொலி கேட்டது. எலி என்று எண்ணிக்கொண்டோம். மூன்றாம் நாள் துர்நாற்றம் வந்தது. ஓடுகளைப் பிரித்துப் பார்த்தபோது, இறகு முற்றாத குட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. தாய் இரை தேடச் செல்லும்போது அவற்றை விட்டுச் செல்லும் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை. அந்த ஓடுகளைப் பிரித்தவன் நான்தான்.

கல்பாத்திக்குச் சென்றுவந்த அதே ஆண்டில் குமுளிக்கு அருகே ஓர் ஏலத்தோட்டத்திற்குச் செல்ல நேர்ந்தது. அங்கே லயத்தில் வசிக்கும் தமிழ்த் தொழிலாளர் குடும்பம் ஒன்று தேநீர் அருந்த அழைத்தது. தகரக்கூரையின் விளிம்பில் சிறு வௌவால்கள் அடைந்திருந்தன. கீழே ஒரு பழைய சாக்கு விரித்திருந்தது. வீட்டுக்காரப் பெண்மணி அந்த எச்சத்தைத் தண்ணீர் தெளித்து அள்ளித் தம் மிளகுக் கொடிகளுக்கு உரமாக இடுவதாகச் சொன்னார். "விரட்டவில்லையா, அம்மா?" என்று கேட்டேன். "விரட்டணும் சாமி. அதுக புள்ளை வச்சிருக்கு. பறந்ததும் அடைச்சிருவோம்" என்றார். அவருக்கும் வௌவால் தொல்லைதான். கொசுவைப் பற்றியோ பயனைப் பற்றியோ அவர் பேசவே இல்லை. அந்த ஒரு சொல், 'பறந்ததும்', நான் படித்த எதிலும் கிடைக்காதது.

ஊர் திரும்பும் வழியில் கல்பாத்தியில் இறங்கினேன். குழந்தையை மச்சுக்குக் கீழ் அல்லாத அறைக்கு மாற்றி, பூஜை அறைக்கு மேலே துணி கட்டி, குட்டிகள் பறக்கும் வரை ஆசிரியர் காத்திருக்க இசைந்தார். கீச்சொலி நின்று, குட்டிகளும் பறந்துவிட்டன என்று உறுதியான பிறகு, பொந்தின் மேல்விளிம்பிலும் இரு பக்கங்களிலும் வலைத்துணியைப் பொருத்தி, அடிப்பகுதியை மட்டும் திறந்தபடி தொங்கவிட்டார். உள்ளே இருப்பவை அதன் அடியில் ஊர்ந்து வெளியேறலாம். திரும்பி நுழைய இயலாது. சில நாட்கள் கழித்து, எதுவும் வெளிவரவில்லை என்று இரு மாலைகள் அமர்ந்து பார்த்துவிட்டுப் பூசினார் கொத்தனார். புகை போடவில்லை. மகள் மட்டும், ஒரு வௌவாலுக்காகக் குழந்தையை இத்தனை வாரம் காக்க வைத்தோமே என்று தந்தையிடம் கோபித்துக்கொண்டதாகக் கேள்வி. அவளது கோபத்தில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஆசிரியரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. வௌவால்கள் ஊரைவிட்டுப் போகவில்லையாம். பொதுச்சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டு மச்சில் குடியேறிவிட்டனவாம். அவ்வீட்டுக்காரர் நம் பத்திரிகையின் வாசகர் அல்ல. சிமெண்ட் மூட்டையும் வாங்கி வைத்துவிட்டார். "நான் போய்ப் பேசட்டுமா? என் வௌவால்தானே!" என்று முடித்திருந்தார் ஆசிரியர்.