வகுத்தலும் ஓர் அறமே

ஆண்டுதோறும் மத்திய அரசின் நிதிநிலை அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்படும்போது, எந்தப் பொருளின் விலை ஏறும், எந்த வரி குறையும் என்பதே பெரும்பாலோர் பேச்சாக இருக்கிறது. அது இயல்பே. ஆயினும் அந்த அறிக்கைக்குள் வேறொரு கேள்வியும் உறைந்திருக்கிறது. ஒரு பெரிய குடும்பத்தின் வருவாய் எல்லாத் தேவைகளுக்கும் போதாதபோது, முதலில் யாருக்குப் பரிமாறுவது? இது கணக்கின் கேள்வி மட்டுமன்று. அறத்தின் கேள்வியும் ஆகும்.

பொருளை ஈட்டுவதையும் காப்பதையும் சொன்ன வள்ளுவர், அத்துடன் நிறுத்தாமல், காத்த பொருளை முறையாக வகுப்பதையும் அரசின் வல்லமையாக இறைமாட்சி அதிகாரத்தில் வைத்தார். ஈட்டுவதற்குத் திறமை வேண்டும். காப்பதற்கு விழிப்பு வேண்டும். வகுப்பதற்கோ மனச்சான்று வேண்டும்.

கோகலே எழுப்பிய கேள்வி

1902 மார்ச் மாதத்தில் கோபால கிருஷ்ண கோகலே, வைஸ்ராயின் சட்டசபையில் தமது முதல் பட்ஜெட் உரையை நிகழ்த்தினார். அப்போது அரசுக் கருவூலத்தில் தொடர்ந்து உபரி சேர்ந்து வந்தது. ஆட்சியாளர்கள் அதை நாட்டின் செழிப்புக்கு அடையாளமாகக் காட்டினர். பஞ்சங்களால் நைந்துபோன மக்களிடம் தேவைக்கு மிஞ்சி வரி வாங்கியதால் சேர்ந்த பணம் செழிப்பாகாது என்பதைக் கோகலே புள்ளிவிவரங்களோடு எடுத்துரைத்தார். உப்பு வரி ஏழையின் கஞ்சிக் கலயத்தையே தொடுகிறது என்பதை அவர் ஆண்டுதோறும் வற்புறுத்தினார். மணங்கு ஒன்றுக்கு இரண்டரை ரூபாயாக இருந்த அவ்வரி, 1903-இல் இரண்டு ரூபாயாகவும் 1907-இல் ஒரு ரூபாயாகவும் குறைந்தது.

இந்தியாவில் தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்க 1911-இல் அவர் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். பணம் இல்லை என்றனர் சிலர். காலம் கனியவில்லை என்றனர் சிலர். வயல் வேலைக்கு ஆள் கிடைக்காது என அஞ்சினர் நிலவுடைமையாளர் சிலர். 1912-இல் 38-க்கு 13 என்ற வாக்குக் கணக்கில் மசோதா தோற்றது. 1905-இல் அவர் நிறுவிய இந்திய ஊழியர் சங்கம், பொதுவாழ்வு ஆன்மிகமயமாக வேண்டும் என்பதைத் தன் கொள்கையாகக் கொண்டது. அவரைப் பொறுத்தவரை அந்த ஆன்மிகம் உப்பு வரியிலும் பள்ளிக்கூடச் செலவிலும் வெளிப்பட வேண்டிய ஒன்றாகவே இருந்தது.

சுதந்திர இந்தியாவின் அரசியலமைப்பு, பதினான்கு வயது வரை அனைவருக்கும் இலவசக் கட்டாயக் கல்வி அளிக்கப் பத்தாண்டுக் கெடு வைத்தது. அதன்படி 1960-க்குள் நிறைவேற வேண்டிய வாக்கு அது. கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்ததோ 2010 ஏப்ரலில். அந்த ஐம்பது ஆண்டுகளில் பள்ளி வாசலை மிதிக்காமலே எத்தனையோ குழந்தைகள் முதுமை எய்தினர். தனக்கு உரியது வரவில்லை என்று கேட்க அவர்களுக்கு வாய் இல்லை.

குரல் அற்றவர் பங்கு

இங்கேதான் சிக்கலின் வேர் இருக்கிறது. நிதி பெரும்பாலும் குரல் எழும் திசையை நோக்கியே பாய்கிறது. குழந்தைக்கு வாக்குரிமை இல்லை. பள்ளிக்கு இன்று கொடுக்கும் பணத்தின் பயன் இருபது ஆண்டுகள் கழித்தே தெரியும். ஆட்சிக் காலமோ ஐந்தே ஆண்டுகள். மண்ணுக்கும் குரல் இல்லை; அது வளம் இழக்கும்போது ஊர்வலம் போவதில்லை.

2024 ஜூலையில் வைக்கப்பட்ட 2024-25-ஆம் ஆண்டு பட்ஜெட்டை எடுத்துக்கொள்ளலாம். மொத்தச் செலவு மதிப்பீடு ஏறத்தாழ 48 லட்சத்து 20 ஆயிரம் கோடி ரூபாய். இதை நூறு ரூபாயாகச் சுருக்கினால், பழைய கடன்களின் வட்டிக்கு மட்டும் 24 ரூபாய் போகிறது. உணவு மானியத்துக்கு நான்கு ரூபாய்க்குச் சற்று மேல். கல்வி அமைச்சகத்துக்கு இரண்டரை ரூபாய். உர மானியத்துக்கு ஏறத்தாழ மூன்றரை ரூபாய். வேளாண் ஆராய்ச்சிக்கும் கல்விக்குமோ இருபது காசு.

கல்விச் செலவின் பெரும்பகுதியை மாநில அரசுகள் ஏற்கின்றன என்பது உண்மை. உர மானியம் உழவரின் சுமையைக் குறைக்கிறது என்பதும் உண்மை. எனினும் உரம் இந்தப் பருவத்துக்கு. ஆராய்ச்சி அடுத்த தலைமுறைக்கு. அடுத்த தலைமுறை இன்று வந்து கேட்க இயலாது. தேசிய வருமானத்தில் ஆறு விழுக்காட்டைக் கல்விக்குச் செலவிட வேண்டும் என்று 1966-இல் கோத்தாரிக் குழு பரிந்துரைத்தது. 1968, 1986, 2020 ஆகிய ஆண்டுகளின் கல்விக் கொள்கைகள் அதை ஏற்றன. மத்திய, மாநிலச் செலவுகளைச் சேர்த்துப் பார்த்தாலும் அந்த அளவு இன்னும் எட்டப்படவில்லை.

இன்றும் நாளையும்

'பசித்தவனுக்கு முதலில் சோறு. மற்றவை பிறகு' என்பார் சிலர். 'கொடுத்துக்கொண்டே இருந்தால் மக்கள் சோம்புவர். எதிர்காலத்துக்கே முதலிடு' என்பார் வேறு சிலர். முதல் கூற்றில் கருணை இருக்கிறது; ஆனால் அது பசியின் காரணத்தைத் தொடவில்லை. இரண்டாம் கூற்றில் தொலைநோக்கு இருக்கிறது; ஆனால் நாளை வரும் விளைச்சல் இன்று பசித்திருப்பவனைக் காப்பாற்றாது.

இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு 1966 சான்று. வறட்சியால் விளைச்சல் குன்றிய அவ்வாண்டில் இந்தியா சுமார் ஒரு கோடி டன் தானியத்தை வெளிநாட்டிலிருந்து தருவித்து மக்களைப் பட்டினியிலிருந்து காத்தது. அதே ஆண்டில், சி. சுப்பிரமணியம் உணவு அமைச்சராக இருந்தபோது, மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதையும் வந்து இறங்கியது. அந்நியச் செலாவணிக்குக் கடும் தட்டுப்பாடு நிலவிய வேளையில், உண்ண முடியாத விதைக்கு இத்தனை பணமா என்று கேட்பது எளிதாகவே இருந்திருக்கும். 1966-67-இல் சுமார் 114 லட்சம் டன்னாக இருந்த கோதுமை விளைச்சல், மறு ஆண்டில் 165 லட்சம் டன்னைத் தொட்டது. நல்ல மழை துணை நின்றது. விதையும் துணை நின்றது. ஒரு கையால் சோறு இட்ட அரசு மறு கையால் விதையும் தூவியது.

நம்பி அளித்த பணம்

ஒதுக்குவதோடு கடமை முடிவதில்லை. சொன்ன காரியத்துக்கே செலவிடுவதும் அறத்தின் பகுதி. இடைநிலை, உயர்கல்விக்கென 2007 முதல் ஒரு விழுக்காடு மேல்வரி வசூலிக்கப்பட்டது. அப்பணத்துக்கெனத் தனி நிதியம் அமைக்க ஒப்புதல் கிடைத்ததோ 2017 ஆகஸ்டில். இக்குறையைத் தலைமைக் கணக்குத் தணிக்கை அறிக்கைகள் சுட்டிக்காட்டின. கோயில் உண்டியலில் அன்னதானத்துக்கென இட்ட காசைப் பொதுக் கணக்கில் சேர்த்துவிட்டால் பக்தர் மனம் என்ன பாடுபடும்? குழந்தைகளின் பெயரால் வாங்கிய வரியும் அத்தகைய நம்பிக்கைப் பொருளே.

ஒரே தட்டில்

அரசுப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு வழங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001 நவம்பரில் ஆணையிட்டது. அந்தத் தட்டில் உழவனின் தானியம் இருக்கிறது. பசி தீரும் நிறைவு இருக்கிறது. பிள்ளையைப் பள்ளிக்கு அழைக்கும் ஆற்றலும் இருக்கிறது. வேளாண்மை, நலம், கல்வி என்று மூன்று தலைப்புகளில் பிரித்து எழுதப்படுபவை அங்கே ஒன்றாகின்றன. அதற்கென மத்திய அரசு 2024-25-இல் ஒதுக்கியது, மேற்சொன்ன நூறு ரூபாயில் கால் ரூபாய்.

குடிமக்கள் தேர்ந்தெடுத்தோரே நிதியை வகுக்கின்றனர். ஆகவே அவ்வகுப்பின் நன்மை தீமையில் குடிமக்களுக்கும் பங்கு உண்டு. அடுத்த நிதிநிலை அறிக்கை வரும்போது, 'எனக்கு என்ன கிடைத்தது?' என்பதற்கு முன், 'கேட்க இயலாதவருக்கு என்ன கிடைத்தது?' என்று ஒவ்வொரு குடிமகனும் கேட்கத் தொடங்கினால், குழந்தைக்கும் மண்ணுக்கும் குரல் கிடைத்துவிடும். வீட்டில் தாய் தான் உண்ணும் முன் எந்தப் பிள்ளை இன்னும் உண்ணவில்லை என்று பார்க்கிறாள். அந்தப் பார்வை நாட்டின் கணக்கேட்டிலும் படிய வேண்டும்.